இருமல் நின்றால்தான் பயப்பட வேண்டும்: புரையேறல், மூச்சடைப்பு பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

சாப்பிடும்போது புரையேறினால் நம் வீடுகளில் இரண்டு காரியம் நடக்கும். ஒருவர் உச்சந்தலையில் தட்டுவார். இன்னொருவர் "யாரோ உன்னை நினைக்கிறாங்க" என்பார். யார் அது என்று பேச்சு திரும்புவதற்குள் இருமல் அடங்கிவிடும், சாப்பாடு தொடரும். தட்டியவருக்குத் தன் கைராசி என்று நினைப்பு. உண்மையில் வேலையை முடித்தது இருமல்.

நான் மயக்க மருத்துவர். "ஊசி போட்டுத் தூங்க வைக்கிறவர்" என்றுதான் நோயாளிகள் என்னைச் சொல்வார்கள். தூங்க வைப்பது சுலபம். தூங்கியவரின் மூச்சுப்பாதையை அடைபடாமலும், அதற்குள் எதுவும் இறங்காமலும் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. வார்டில் நோயாளியின் சொந்தக்காரர்களுக்கு நான் எந்த வரிசையில் சொல்லிக் கொடுப்பேனோ அதே வரிசையில் இங்கேயும் எழுதுகிறேன்.

ஒரு வாசல், இரண்டு பாதை

வாயும் மூக்கும் தொண்டையில் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கிருந்து கீழே இரண்டு குழல்கள் இறங்குகின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழல், பின்னால் இருப்பது உணவுக்குழல். சோறு பின்னால் போக வேண்டும், காற்று முன்னால் போக வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை இந்தச் சந்திப்பில் போக்குவரத்து மாறுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

கழுத்தின் நடுவில் இருக்கும் மேட்டில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். அந்த மேடு மேலே ஏறி இறங்கும். அதுதான் குரல்வளை. அது மேலேறும்போது குரல்வளை மூடி என்ற சின்ன மடல் அதன்மேல் சாய்கிறது, உள்ளே குரல் நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு ஒரு நொடிபோல நிற்கிறது. உணவு பின்பக்கமாக வழுக்கி இறங்கியதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரித்தால் என்ன ஆகும்? சிரிப்புக்கு முன் காற்றை இழுப்போம். மூடியிருக்க வேண்டிய வாசல் அந்த நேரம் பார்த்துத் திறக்கும். புரையேறுவது அப்படித்தான்.

இத்தனை காவலையும் மீறி ஒரு பருக்கை குரல் நாண்களைத் தொட்டுவிட்டால் கடைசிக் காவலாளி இருமல். அதைவிட வலுவான கருவி நம்மிடம் கிடையாது. நாம் முதுகில் தட்டுவதும் வயிற்றை அமுக்குவதும் இருமலுக்கு மாற்றாகச் செய்யும் சுமாரான வேலைகள்தான்.

இருமலும் தோற்றால் பொருள் கீழே இறங்கும். பெரியவர்களுக்கு மூச்சுக்குழல் 10 முதல் 12 செ.மீ. நீளம். அதன் அடியில் வலம், இடம் என்று இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை அகலமானது, குட்டையானது, கிட்டத்தட்ட நேராக இறங்குவது. அதனால் பெரியவர்கள் விழுங்கித் தவறிய பொருள் பெரும்பாலும் வலப்பக்கம்தான் கிடக்கும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 1897-ல் குஸ்டாவ் கிலியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் மூச்சுக்குழலுக்குள் குழாய் ஒன்றை விட்டுப் பன்றி எலும்புத் துண்டை வெளியே எடுத்தார். ப்ராங்கோஸ்கோபி பிறந்த கதை அது. அந்த எலும்பும் வலது கிளையில்தான் இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு இரு கிளைகளின் சாய்வும் அவ்வளவு வித்தியாசப்படாது, எந்தப் பக்கமும் போகலாம்.

அடைப்பு வேறு, உள்ளே இறங்குவது வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அவசரத்தில் தப்பான வேலையைச் செய்வோம்.

அடைப்பு என்றால் காற்று போகும் வழியே மறைந்துவிட்டது. பணியாரத் துண்டாக இருக்கலாம், மயங்கியவரின் நாக்காக இருக்கலாம், ஒவ்வாமையால் வந்த வீக்கமாக இருக்கலாம். இங்கே கணக்கு நிமிடங்களில். முழு அடைப்பு என்றால் நான்கு நிமிடத்துக்கு மேல் போகப்போக மூளை சேதமாகத் தொடங்கும்.

உள்ளே இறங்குவதை மருத்துவத்தில் ஆஸ்பிரேஷன் என்பார்கள். எச்சில், கஞ்சி, வாந்தி, மண்ணெண்ணெய் எதுவாகவும் இருக்கலாம். மூச்சு நின்றுவிடாது. ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் நுரையீரல் புண்ணாகும், அழற்சி வரும், கிருமி வளரும். இங்கே கணக்கு மணிகளிலும் நாட்களிலும்.

வேர்க்கடலை மாதிரி சில பொருட்கள் இரண்டையும் செய்யும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் படி: காதைக் கொடுங்கள்

யாராவது திணறினால் முதலில் கேட்க வேண்டியது சத்தம். கரகரவென்று நீர் கொதிப்பது போலக் கேட்டால் தொண்டையில் எச்சிலோ ரத்தமோ வாந்தியோ தேங்கியிருக்கிறது. மயங்கிக் கிடப்பவர் குறட்டை விட்டால் நாக்கு பின்னால் சரிந்திருக்கிறது. "நல்லா தூங்குறார்" என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று உயர்ந்த ஒலி வந்தால் அதன் பெயர் ஸ்ட்ரைடர். குரல்வளை அருகே சுருக்கம் என்று அர்த்தம். வெளியே விடும்போது விசில் போல வந்தால் அது வீசிங், சுருக்கம் நுரையீரலுக்குள்.

எந்தச் சத்தமும் இல்லையென்றால்? நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, கண் பிதுங்குகிறது, கை கழுத்தைப் பிடிக்கிறது, வாய் திறந்திருக்கிறது, ஒலி மட்டும் இல்லை. அதுதான் முழு அடைப்பு. என் சொந்தக்காரர்களிடம் நான் சொல்வது இது ஒன்றுதான்: இருமுகிறவரை விட்டுவிடுங்கள், இருமல் நின்றவரிடம் ஓடுங்கள்.

1960-களில் அமெரிக்க உணவகங்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சரிந்து இறந்தபோது மாரடைப்பு என்றே நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில் தொண்டையில் இறைச்சித் துண்டு இருந்தது. ரோஜர் ஹாகன் என்ற மருத்துவர் 1963-ல் இதற்கு 'கஃபே கரோனரி' என்று பெயர் வைத்தார், உணவக மாரடைப்பு என்று சொல்லலாம். அங்கே ஏமாற்றியது சத்தமின்மைதான். நெஞ்சு வலிக்காரர் "வலிக்குது" என்று சொல்வார். அடைத்துக்கொண்டவரால் ஒரு சொல்கூடப் பேச முடியாது. "தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்று கேளுங்கள். தலையை மட்டும் ஆட்டினால் போதும், பதில் கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: பெரியவர்களுக்கும் ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கும்

இருமுகிறார், பேசுகிறார் என்றால் குனிந்து பலமாக இரும விடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். அடைப்புக்கு மேல் நிற்கும் தண்ணீருக்குப் போக்கிடம் மூச்சுக்குழல்தான். வாழைப்பழம், சோற்று உருண்டை வைத்தியமும் வேண்டாம். அது உணவுக்குழலில் குத்திய மீன்முள்ளுக்குச் சொல்லப்பட்டது, அங்கேயே அது நல்ல யோசனை இல்லை.

பேச்சும் இருமலும் நின்றுவிட்டால்:

1. ஒருவரை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. அவருக்குப் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி, இடுப்புக்கு மேலே நன்றாக முன்னால் குனிய வையுங்கள். இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 அடி. செல்லத் தட்டு இல்லை, அடி. ஒவ்வொரு அடிக்கும் பொருள் வெளியே வந்துவிட்டதா என்று பாருங்கள். நிமிர்ந்து நிற்பவரைத் தட்டினால் பொருள் இன்னும் கீழே போகலாம், குனிய வைப்பதை மறக்காதீர்கள்.

3. வரவில்லையா? பின்னால் போய் நின்று கைகளை அவர் வயிற்றைச் சுற்றிக் கோர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கை முஷ்டி, தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்பின் நுனிக்குக் கீழே. மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் சட்டென்று இழுங்கள். 5 முறை. சின்னக் குழந்தையென்றால் நீங்கள் முட்டி போட்டுக்கொள்ள வேண்டும்.

4. பொருள் வரும்வரை, அல்லது அவர் மயங்கும்வரை, 5 அடி, 5 இழுப்பு என்று மாறி மாறி.

நிறைமாதக் கர்ப்பிணி, அல்லது கை சுற்றி எட்டாத அளவுக்குப் பருமனானவர் என்றால் வயிற்றை விட்டுவிட்டு நெஞ்செலும்பின் நடுவில் அதே மாதிரி இழுக்க வேண்டும்.

வயிற்றை அமுக்கும் முறையை ஹென்றி ஹெய்ம்லிக் என்ற அமெரிக்க மருத்துவர் 1974-ல் வெளியிட்டார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் மேலே தள்ளப்படும்போது நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று பொருளை வெளியே தள்ளும், செயற்கை இருமல் மாதிரி. ஆனால் மனிதர் பிடிவாதக்காரர். முதுகில் அடிப்பதை 'மரண அடி' என்றே வர்ணித்தார். அவருடைய வாதத்தின் வேகத்தில் அமெரிக்காவில் பல ஆண்டுகள் முதுகு அடி பாடத்திலிருந்தே காணாமல் போனது. 2025-ல் வந்த அமெரிக்க இதயச் சங்க வழிகாட்டுதல் மறுபடி 5 முதுகு அடியில்தான் தொடங்கச் சொல்கிறது. முன்பு வேறு மாதிரி பயிற்சி எடுத்தவர்கள் குழம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஹெய்ம்லிக் முறையால் பிழைத்தவர்கள் ஏராளம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இழுப்பில் விலா எலும்பு உடையலாம், ஈரல், மண்ணீரல் கிழியலாம். பொருள் வந்துவிட்டது, ஆள் சிரிக்கிறார் என்றாலும் வயிற்றை இழுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கைக்குழந்தை என்றால்

ஒரு வயதுக்குக் கீழே வயிற்றைத் தொடவே கூடாது. அந்த வயதில் ஈரல் பெரியது, விலாவின் பாதுகாப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

உட்கார்ந்துகொள்ளுங்கள். குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தாடையை விரல்களால் தாங்கி, கையைத் தொடைமேல் வையுங்கள். தலை உடலைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே 5 அடி. வரவில்லையென்றால் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்து மல்லாக்கத் திருப்பி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்தம். முன்பு இரண்டு விரலால் அழுத்தச் சொன்னோம். இப்போது ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தச் சொல்கிறார்கள், ஆழம் சரியாக வருகிறது. மறுபடி குப்புற, மறுபடி மல்லாக்க.

காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் குலுக்காதீர்கள். தெரியாத இடத்தில் விரலை விட்டுத் துழாவாதீர்கள். மேலே நின்ற பொருளை உள்ளே தள்ளிவிட்டு அழும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள்.

குழந்தைகளுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்றால், பச்சைக்குழந்தையின் மூச்சுக்குழல் சுமார் 4 மி.மீ. அகலம்தான். சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் வீங்கினாலே விட்டம் 2 மி.மீ. ஆகிவிடும். காற்று போகும் பரப்பு கால்பங்காகும். சீராக ஓடும் காற்றுக்கு எதிர்ப்பு, ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறும் என்பதால் மூச்சிழுக்கும் சிரமம் 16 மடங்கு. அதே ஒரு மில்லிமீட்டர் வீக்கம் நமக்கு வந்தால் குரல் கொஞ்சம் கம்மும், அவ்வளவுதான்.

மயங்கிவிட்டால்

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூச்சு கொடுக்க வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே பாருங்கள், தெரிந்தால் எடுங்கள். நெஞ்சை அழுத்துவது இதயத்துக்கு மட்டும் இல்லை, மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றி அடைத்த பொருளையும் தள்ளும். மயங்கியதும் தசைகள் தளர்வதால் அதுவரை வராத பொருள் வந்துவிடுவதும் உண்டு. அதனால் இந்தக் கட்டத்தில் கை விடாதீர்கள்.

பொருள் எதுவும் அடைக்கவில்லை, வெறுமனே மயங்கிக் கிடக்கிறார், மூச்சு இருக்கிறது, குறட்டை வருகிறது. அப்போது எதிரி நாக்கு. நெற்றியில் ஒரு கை, தாடை எலும்பின் கீழ் இரண்டு விரல், தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையைத் தூக்குங்கள். நாக்கு தாடையோடு ஒட்டியது, தாடை வந்தால் அதுவும் வரும். குறட்டை அந்த நொடியே நின்றுவிடும். எனக்கு இது தினசரி வேலை, இருந்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் திருப்தி. அப்புறம் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டால் வாந்தி வந்தாலும் வெளியே ஓடும். விபத்தில் கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்றால் தலையைச் சாய்க்காமல் இரு பக்கத் தாடை மூலைகளையும் முன்னால் தள்ள வேண்டும்.

வலிப்புக்கும் இதுவே. கையில் சாவிக்கொத்து, வாயில் கரண்டி, முகத்தில் தண்ணீர் எல்லாம் வேண்டாம். உடைந்த பல் நேராக வலது நுரையீரலுக்குப் போகும். உலுக்கல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், முழு நினைவு வரும்வரை சோடா, காபி எதுவும் கொடுக்காதீர்கள்.

வீக்கத்தால் வரும் அடைப்புக்கு மேலே சொன்ன அடி, இழுப்பு எதுவும் உதவாது. இறால் சாப்பிட்டு அல்லது குளவி கொட்டி முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, குரல் மாறினால் தேவை தொடையில் அட்ரினலின் ஊசி. காய்ச்சலோடு எச்சில் வழிய, முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மூச்சிழுக்கும் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள், தொண்டையைத் திறந்து பார்க்கவும் கூடாது. குரல்வளை மூடி வீங்கியிருக்கலாம், தொட்டால் முழுசாக மூடிக்கொள்ளும். உட்கார்ந்தபடியே மருத்துவமனைக்கு. பெரும்பாலும் ஹிப் என்ற கிருமியால் வரும் இது. அதற்கான தடுப்பூசி ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்தே வருகிறது. இந்தியாவில் அதை முதலில் அரசுத் திட்டத்தில் கொண்டுவந்தவை தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில்.

மறந்துபோன புரையேறல்

என் அனுபவத்தில் அதிகம் தவறவிடப்படுவது இது. இரண்டு வயதுப் பையன். விளையாடிக்கொண்டே வேர்க்கடலை தின்றான், திடீரென்று இருமினான், முகம் சிவந்தது, ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டான். வீட்டில் மறந்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து இருமல், வீசிங். நெபுலைசர் வைத்தார்கள், குறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி வைத்தார்கள். ஆறு வாரம் ஆஸ்துமாக் குழந்தையாகவே இருந்தான். எங்களிடம் வந்தபோது ஸ்டெதஸ்கோப்பில் இடப்பக்கம் மட்டும் காற்றொலி குறைவு. "முன்ன எப்பவாவது புரையேறிச்சா?" என்று கேட்டதும் பாட்டிதான் "கடல தின்னப்ப ஒருநாள்..." என்று இழுத்தார்.

பொருள் கீழே இறங்கிக் கிளைக்குழலில் உட்கார்ந்ததும் இருமல் உணர்வு களைத்து அடங்கிவிடும். இந்த அமைதிக் காலம் சில மணி நேரமும் இருக்கலாம், சில மாதமும் இருக்கலாம். அதனால்தான் வீட்டில் "சரியாயிடுச்சு" என்று தோன்றுகிறது.

கடலையில் இன்னொரு வம்பு. அது ஈரத்தில் ஊறிப் பெருக்கும், அதன் எண்ணெய் சுவரை எரிச்சல்படுத்தி வீங்க வைக்கும். பிளாஸ்டிக் துண்டைவிடக் கடலை மோசம். பட்டாணி, கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய்ச் சில்லு, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, ரம்புட்டான் கொட்டை எல்லாம் இந்தப் பட்டியலில். பொம்மைக்குள் இருக்கும் பீப்பீ போனால் குழந்தை மூச்சு விடும்போது விசில் அடிக்கும். பேனா மூடியின் நுனியில் சின்ன ஓட்டை இருக்கிறதே, குழந்தை அதை உறிஞ்சிவிட்டாலும் கொஞ்சம் காற்று போகட்டும் என்பதற்காகத்தான்.

சாதாரண எக்ஸ்ரேயில் கடலை தெரியாது, பிளாஸ்டிக்கும் தெரியாது. தெரிவது மறைமுக அடையாளம்தான். பொருள் ஒருவழிக் கதவு போல வேலை செய்து காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் பிடித்துக்கொண்டால் அந்தப் பக்க நுரையீரல் ஊதியிருக்கும். மூச்சை வெளியே விடும்போது எடுத்த படத்தில் இது நன்றாகத் தெரியும். முழுசாக அடைத்தால் அந்தப் பகுதி சுருங்கிவிடும். எக்ஸ்ரே முற்றிலும் சாதாரணமாகவும் இருக்கலாம். அதனால் 'சாப்பிடும்போது திடீர் இருமல்' என்ற அந்த ஒரு வரி எந்தப் படத்தையும்விடப் பெரிய சாட்சி. மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

எடுப்பது ப்ராங்கோஸ்கோபியில். குழந்தைகளுக்கு முழு மயக்கத்தில், கெட்டியான உலோகக் குழாய் வழியாக. அந்த அரை மணி நேரம் நானும் காது மூக்கு தொண்டை நிபுணரும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொள்கிறோம், அவர் பொருளுக்கு, நான் மூச்சுக்கு. அந்தப் பையனுக்கு அரைக் கடலை. இரண்டு நாளில் வீடு போனான்.

நான்கு வயது வரை முழுக்கடலையும் முழுத் திராட்சையும் கொடுக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். கடலை உருண்டைக்கு அடம் பிடித்தால் அரைத்துக் கொடுங்கள். ஓடும் குழந்தையின் பின்னாலேயே ஓடி ஊட்டுவது நம் ஊர் வழக்கம், எனக்கு அது பிடிக்காது.

சத்தமில்லாமல் இறங்குவது

பக்கவாதம் வந்தவர், பார்க்கின்சன் நோயாளி, மறதி நோய் முற்றியவர், வெகுநாள் படுக்கையில் இருப்பவர். இவர்களுக்குக் குரல்வளையில் உணர்ச்சியே மங்கியிருக்கும். கஞ்சி மூச்சுக்குழலுக்குள் இறங்கும், ஒரு இருமல்கூட வராது. "தாத்தாவுக்குப் புரையேறுவதே இல்லை, நல்லா சாப்பிடுறார்" என்பார்கள். அதே தாத்தா மூன்று மாதத்தில் மூன்றாவது தடவையாக நிமோனியாவோடு வருவார்.

கவனிக்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, கொழகொழவென்று ஆவது. கன்னத்தில் சோறு ஒதுங்கியிருப்பது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம். சாயங்காலம் சாயங்காலம் லேசான காய்ச்சல். காரணமில்லாமல் எடை இறங்குவது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர்கள்தான் இதற்கும் நிபுணர்கள், பலருக்குத் தெரியாது. 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லிப் பார்ப்பது எளிய சோதனை. சந்தேகம் இருந்தால் பேரியம் கலந்த உணவை விழுங்க வைத்து எக்ஸ்ரே வீடியோ, அல்லது மூக்கு வழியாகக் கேமரா.

ஊட்டும்போது: படுக்கையில் சாய்த்து வைத்து ஊட்டாதீர்கள், முடிந்தவரை நேராக உட்கார வையுங்கள். நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து வாங்குவார், அண்ணாந்தால் மூச்சுவழி திறக்கும். எதிரே, அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். பலருக்குத் தாடையைச் சற்றுத் தாழ்த்தினால் உதவும். டீஸ்பூன் அளவு. விழுங்கினாரா என்று குரல்வளை மேட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். டி.வி.யை அணையுங்கள். முடிந்தபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும்.

எது கொடுப்பது? தண்ணீர்தான் சுலபம் என்று தோன்றும். பக்கவாதக்காரருக்கு அதுதான் கஷ்டம், தயங்கும் தொண்டையைத் தாண்டி ஓடிவிடும். கேழ்வரகுக் கூழ் பதத்தில் இருப்பது நிதானமாக இறங்கும். ரசம் சாதம் ஒரே வாயில் நீரும் பருக்கையும் கலந்தது, இரட்டைத் தொல்லை. குழையப் பிசைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம் தேவலாம். எந்தப் பதம் சரி என்பதைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டும், ஆளுக்கு ஆள் மாறும்.

வாயைச் சுத்தமாக வைப்பதை எல்லோரும் கடைசியில் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதலில். நுரையீரலில் நிமோனியா உண்டாக்குவது பெரும்பாலும் எச்சிலோடு இறங்கும் வாய்க்கிருமி. சாப்பிடாதவருக்கும் எச்சில் ஊறும். காலை, இரவு பல்லும் நாக்கும் துலக்கி, இரவில் பல் செட்டைக் கழற்றி வைத்தால் நிமோனியா வரும் வாய்ப்பு குறையும். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாயான ரைல்ஸ் டியூப் போட்டுவிட்டால் இந்தப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். எச்சில் மேலிருந்து இறங்கும், வயிற்றில் உள்ளது குழாய் ஓரமாக மேலே ஏறி வரும். டியூப்பில் ஊற்றும்போதும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயரம் வேண்டும், ஒவ்வொரு முறையும் குழாயின் அடையாளக் கோடு மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெயும் மண்ணெண்ணெயும்

பச்சைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், அழும் குழந்தைக்குச் சங்கில், பாலாடையில் பாலோ மருந்தோ வாயைப் பிடித்து ஊற்றுவதும் இன்னும் நடக்கிறது. எண்ணெய் மெதுவாக வழுக்கி இறங்கும், இருமலைத் தூண்டாது, நுரையீரலுக்கு அதைக் கரைக்கவும் தெரியாது. வாரக்கணக்கில் ஆறாத நிமோனியாவாக நிற்கும். குளிப்பாட்டும் பாட்டியிடம் சண்டை போடாமல் எண்ணெயை உடம்போடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பாலாடையைக் குற்றம் சொல்லவில்லை, குழந்தையை நிமிர்த்திப் பிடித்து அது தானாக உறிஞ்சும் வேகத்தில் கொடுத்தால் நல்ல பாத்திரம்தான்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், தொண்டையில் விரலும் வேண்டாம். வயிற்றில் இருக்கும்வரை அது செய்யும் கேடு குறைவு. மேலே வரும்போது ஒரு மடக்கு மூச்சுக்குழலுக்குள் போனால் மெல்லிய திரவமாதலால் நுரையீரல் முழுக்கப் பரவிவிடும். துணியை மாற்றி, மேலே பட்டதைக் கழுவி, மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி ஏன்

நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 1932 முதல் 1945 வரையிலான 44,016 பிரசவங்களைப் பார்த்து 1946-ல் ஒரு கட்டுரை எழுதினார். மயக்கத்தில் இருந்தபோது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போனவர்கள் 66 பேர். இறந்த இருவரும் திட உணவு அடைத்து இறந்தவர்கள். திரவம் போனவர்களுக்கு ஆஸ்துமா போன்ற திணறல். முயல்களில் சோதித்துப் பார்த்து, குற்றவாளி வயிற்று அமிலம் என்று காட்டினார். இரண்டும் வெவ்வேறு நோய் என்று அன்றுதான் தெளிவானது. அமிலத்தால் வரும் புண்ணுக்கு உடனே ஆன்டிபயாடிக் தேவைப்படாது, அது தீக்காயம் மாதிரி. கிருமி சேர்ந்தால்தான் மருந்து.

மயக்க மருந்து கொடுத்ததும் விழுங்கல், இருமல் என்ற எல்லாக் காவலும் தூங்கிவிடும். அதனால்தான் பட்டினி. எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி என்றால் 8 மணி நேரம். இட்லி மாதிரி லேசான உணவுக்கும் பசும்பாலுக்கும் 6. தாய்ப்பாலுக்கு 4. வெறும் தண்ணீருக்கு 2. முதல் நாள் ராத்திரியிலிருந்தே பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் குழந்தையை அழவிடுவது தேவையில்லாத கொடுமை, எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோய் பல வருடமாக உள்ளவருக்கும், எடை குறைக்கும் வார ஊசி போடுகிறவருக்கும் வயிறு மெதுவாகக் காலியாகும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"ஒரே ஒரு டம்ளர் காபிதான் டாக்டர், அதைப் போய்ச் சொல்வானேன்னு..." என்று மேசைமேல் படுத்தபிறகு சொன்னவர்கள் உண்டு. பால் கலந்த காபி தண்ணீர்க் கணக்கில் வராது. நான் கோபப்படுவதில்லை, தள்ளிவைத்துவிடுவேன். சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. அதோடு ஆடுகிற பல் இருந்தால் காட்டுங்கள், கழற்றும் பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு வாருங்கள், வாயில் பாக்கு இருந்தால் துப்பிவிடுங்கள். மூக்குத்தியின் திருகும் ஒருமுறை கழன்று உள்ளே போனதைத் தேடி எடுத்திருக்கிறோம், முடிந்தால் அதையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.